புரட்டாசியில் ஒரு சிவப்பு ஒயின்

பார்சிப்பனியில் நாங்கள் இருந்த கடைசி வருடம் அது. என் கணவர் தன் மேனேஜரை ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னார். ஆறு வருடத்துக்கு மேல் நீளாத விசாவில் ஆறாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. கிரீன் கார்டு காகிதங்கள் அந்த மேனேஜரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தன. அதற்குள் கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வேறு. கையெழுத்து விழாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மேனேஜருக்குத் தெற்கு பிரான்சின் சிவப்பு ஒயின் என்றால் உயிராம். லீவு விட்டால் அங்கேதான் போவாராம். கடைக்காரரைக் கேட்டு இரண்டு பாட்டில் வாங்கி வந்திருந்தார் என் கணவர். மிளகு போட்ட ஆட்டுக்கறி இல்லாமல் இதைக் குடிப்பது பாவம் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பாவம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது புரட்டாசி மாதம். கிரீன் கார்டு வரும்வரை புரட்டாசியில் இந்த வீட்டு அடுப்பில் கறி ஏறாது என்று பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு, நாலு வருடம் பிசகாமல் இருந்தவள் நான்.

"சாமிக்கு அப்புறமா சமாதானம் சொல்லிக்கலாம். இவருக்குச் சொல்ல முடியாது," என்றார்.

"கிரீன் கார்டுக்காகத்தானுங்க நேந்துக்கிட்டேன். அதையே கிரீன் கார்டுக்காக உடைக்கச் சொல்றீங்க."

அவர் பாட்டில் இரண்டையும் மேசைமேல் எடுத்து வைத்தார். நானும் கடைசியில் சரி என்றேன். அவர் முகத்துக்காக என்று சொல்லிக்கொண்டாலும், ஊருக்குத் திரும்பி நாலு பேர் கேள்விக்குப் பதில் சொல்லும் பயம் எனக்குத்தான் அதிகம்.

வெள்ளிக்கிழமை, சாமி படத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு ஒத்திகைக்கு ஒரு பாட்டிலைத் திறந்தேன். கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. படித்த மூக்கு இது. வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் வந்து, அதுவரை தாளிப்பு வாசனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடித் தம்ளரைச் சுழற்றி முகர்ந்தேன். முதலில் நாவல்பழம், பின்னால் காய்ந்த இலை, அதற்கும் பின்னால் சந்தேகமே இல்லாமல் மிளகு. வாயில் வைத்தால் துவர்ப்பு, பச்சை வாழைப்பூவைக் கடித்த மாதிரி. நான் வழக்கமாக வைக்கும் கறிக்குழம்போடு குடித்துப் பார்த்தேன். மிளகாயும் துவர்ப்பும் சேர்ந்து நாக்கை எரித்தன. மிளகாயை எடுத்தேன். தக்காளியின் புளிப்பு ஒயினைத் தண்ணீராக்கியது, அதையும் விட்டேன். சின்ன வெங்காயம், சோம்பு, நிறைய மிளகு, கொழுப்பு விலகாமல் சிறு தீயில் இரண்டு மணி நேரம். மூன்றாம் முறை ஒரு துண்டுக் கறியைத் தின்று ஒரு வாய் குடித்தேன். கொழுப்பு துவர்ப்பை அடக்கியது. மிளகும் மிளகும் சேர்ந்துகொண்டன. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருக்கிறேன் என்று சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சனிக்கிழமை மேனேஜர் ஒரு பூந்தொட்டியோடு வந்தார். கறிப் பாத்திரத்தைத் திறந்ததும் தயங்கினார். தான் இறைச்சியை விட்டுப் பத்து வருடம் ஆகிறது என்றும், இந்துக்கள் வீடுதானே, சொல்லவே வேண்டாம் என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னார். வெள்ளைக்காரர்தானே, கேட்கவே வேண்டாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

புரட்டாசிச் சனிக்கிழமையாவது விரதம் இருப்போம் என்று எனக்கு மட்டும் வைத்திருந்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பையும் கீரையையும் அவருக்குப் பரிமாறினேன். புளிக்கு மேல் ஒயினைக் குடித்தவரின் முகம் ஒரு நொடி சுருங்கியது. தம்ளரை மெல்ல நகர்த்தி வைத்தவர் அப்புறம் தொடவில்லை. கீரை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னார். ஆள் குறைப்புப் பட்டியல் வந்துவிட்டது, என் கணவர் பெயர் அதில் இருக்கிறது, திங்கட்கிழமை கூப்பிடுவார்கள். எல்லோர் முன்னாலும் தெரிய வேண்டாம் என்றுதான் நேரில் வந்தாராம். காகிதங்களில் இனிக் கையெழுத்துப் போட்டுப் பயனில்லை. நல்ல மனிதர்தான். நல்லவராக இருந்ததால் திட்டக்கூட முடியவில்லை.

அவர் கார் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நாலு வருஷம் கூட வேலை செஞ்சிருக்கீங்க. அவர் மதியம் என்ன சாப்பிடறாருன்னு ஒரு நாள்கூடப் பாக்கலீங்களா?"

"நான் அங்க சாப்பிடறதில்ல. கார்ல உக்காந்து சாப்பிடறேன்."

எனக்குப் புரியவில்லை.

"சாம்பார் வாடை வருதுன்னு முதல் வருஷம் ஒருத்தன் சொன்னான். அன்னைல இருந்து டப்பாவை எடுத்துட்டுக் காருக்குப் போயிருவேன்."

"பனியிலயுமா?"

"ஹீட்டர் போட்டுக்குவேன்."

தினமும் காலையில் எழுந்து அந்த டப்பாவைக் கட்டிக் கொடுத்தவள் நான். சாயங்காலம் கழுவும்போது, எல்லோரும் விரும்பிக் கேட்டார்கள் என்பார். நானும் நம்பி மறுநாள் ஒரு கரண்டி அதிகமாக வைப்பேன்.

ஆறிப்போன கறியைச் சூடு பண்ணினேன். அவருக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. மிச்ச ஒயினை இருவருக்கும் ஊற்றினேன். முந்தின நாள் போலவே இரண்டும் அப்படிப் பொருந்தின. எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் காலியாகும்வரை சாப்பிட்டேன்.

சாமி படத்தின்மேல் போட்ட துண்டைப் பெட்டி கட்டுகிற அன்றுதான் எடுத்தேன்.