ஏழு துண்டுச் சாக்கடை

எங்கள் தெருவில் ஒரு சாக்கடை இருக்கிறது. ஆபீஸ் பாஷையில் அதற்கு மழைநீர் வடிகால் என்று பெயர். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கொஞ்சம் கண்ணசந்தால் எங்கள் பேரூராட்சி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவ்வளவு பெரிய பட்டணம். அதில் ஒரு தெரு, அந்தத் தெருவுக்கு ஒரு சாக்கடை, அந்தச் சாக்கடையை ஏழு தனித்தனி வேலைகளாகப் பிரித்துக் கட்டினார்கள். சிதம்பரத்தில் நாலு கோபுரம் எழுப்பியவர்களுக்குக்கூட இத்தனை துண்டு தேவைப்பட்டிருக்காது.

சாக்கடையில் எனக்கென்ன அவ்வளவு அக்கறை என்றால், தெருவின் பள்ளமான இடத்தில்தான் என் மாவு மில் இருந்தது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்த இடத்தில் சும்மா உட்கார முடியாமல் ஆரம்பித்தது அந்த மில். ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு ஜோடி அரவைக் கல். வருஷம் முழுக்க மிளகாயும் மல்லியும் கேழ்வரகும் அரைத்தாலும், தீபாவளிக்கு முந்தின வாரத்து அதிரச மாவுதான் எனக்குச் சோறு போடும். எங்கள் ஜில்லாவில் மழை என்று ஒன்று கொட்டினால் அதுவும் சரியாக அந்த வாரத்தில்தான் கொட்டும். தண்ணீர் படியேறி உள்ளே வந்தால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பிக் காயில் கருகிவிடும். மோட்டார் போனால் அந்த வருஷமே போன மாதிரி. அதனால்தான் சாக்கடை வேண்டும், சாக்கடை வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

கொடுத்துக் கொடுத்தே பேரூராட்சி எப்படி நடக்கிறது என்பதைப் படித்துக்கொண்டேன். வேலை பெரியதாக இருந்தால் பேப்பரில் விளம்பரம் போட்டு டெண்டர் விட வேண்டும், யார் வேண்டுமானாலும் போட்டி போடலாம். சின்ன வேலையென்றால் அதற்கு விலக்கு உண்டு: மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, குறைச்சலாகக் கேட்டவரிடம் கொடுத்துவிடலாம். அவசரம் என்று வந்துவிட்டால் அதுகூட வேண்டாம், முதலில் வேலை, பிறகு மன்றத்தில் ஒரு தீர்மானம். சட்டம் எழுதியவர் புத்திசாலி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதான் எழுதியிருக்கிறார். அதைப் படித்தவர்கள் அவரைவிடப் புத்திசாலிகள்.

சுனாமி வந்த வருஷம் கரையோரத்துக் கிராமங்களில் எல்லாம் போய்விட்டது. அப்போது டெண்டர் கிண்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பார்கள், அடித்ததும் நியாயமாக இருந்திருக்கும். அது நிஜமான அவசரம். வந்த வினை என்னவென்றால், அந்த வார்த்தையின் ருசி எங்கள் ஆபீஸுக்குத் தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் தெருவிளக்குக்குப் பல்பு அவசரம், குப்பை வண்டிக்கு டயர் அவசரம், கூட்ட அறைக்கு நாற்காலி அவசரத்திலும் அவசரம். அவசரமில்லாத ஒரே பொருள் என் சாக்கடை.

நாலைந்து வருஷம் கழித்து அதற்கும் வேளை வந்தது. எஸ்டிமேட் போட்டுப் பார்த்தால் டெண்டர் விட வேண்டிய அளவுக்குப் பெரிய வேலை. டெண்டர் விட்டால் மங்கலம்பேட்டைக்காரனும் வருவான், விழுப்புரத்துக்காரனும் வருவான். எங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு மச்சான் இருந்தார், அவர் கான்ட்ராக்டர். தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள். இங்கே கவுன்சிலர் ஆடாமலே எஸ்டிமேட் ஆடி ஏழு துண்டாக விழுந்தது. ஒவ்வொரு துண்டும் சின்ன வேலை. ஒவ்வொன்றுக்கும் மூன்று கொட்டேஷன் போதும்.

கொட்டேஷன் கொடுக்க ஆள் வேண்டுமே. மச்சான் தன் பெயரில் ஒன்று, தன் மனைவி பெயரில் ஒன்று வைத்திருந்தார். மூன்றாவதுக்கு என் வீட்டுக்காரர் கிடைத்தார். அவரும் பேரூராட்சியில் பதிவு செய்த கான்ட்ராக்டர்தான். ஆனால் எடுப்பதெல்லாம் சுற்றுச்சுவர், மாட்டுக்கொட்டகைத் தளம், இந்த மாதிரி. யாராவது எதையாவது கேட்டால் இல்லை என்று சொல்லும் நரம்பு அவர் உடம்பில் கிடையாது. "சும்மா ஒரு துணைக்கு மாமா, ஜாஸ்தியா எழுதிக் குடுத்துருவேன், உங்களுக்கு ஒரு வேலையும் வராது" என்றார் மச்சான். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட வெறும் லெட்டர் பேடு தாள்களை ஒரு கட்டாக எடுத்து நீட்டினார். நான் டீயை நீட்டினேன்.

மச்சான் ஏழு வேலைக்கும் உள்ள கொட்டேஷன்களை ஒரே உட்காரலில், டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார். தனக்குத்தானே போட்டி போடுகிறவருக்கு அவ்வளவு கவனம் போதும் என்று நினைத்திருக்கலாம். நாலாவது துண்டில் தாள் மாறிவிட்டது. குறைச்சலான தொகை என் வீட்டுக்காரர் லெட்டர் பேடில் ஏறிவிட்டது. ஆபீஸில் யாரும் கவனிக்கவில்லை. மன்றத்தில் எல்லாவற்றையும் கட்டாக வைத்துக் கை தூக்கிவிட்டார்கள். ஒரு நாள் தபால்காரர் வந்து, மாட்டுக்கொட்டகைத் தளம் போடுகிறவரிடம் வடிகால் கட்டச் சொல்லும் உத்தரவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மச்சான் அன்றைக்கே ஓடி வந்தார்.

"ஒரு தப்பு நடந்துபோச்சுக்கா. நாலாவது துண்டுல மாமா பேருக்குக் கொறைச்சலா எழுதிட்டேன்."

"மாத்திடு" என்றேன்.

"மாத்துனா ஏன் மாத்துனீங்கன்னு ஆடிட்டுல கேப்பாங்கக்கா. பேசாம மாமாவே கட்டிடட்டும்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டதே என்று என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். எனக்கோ உள்ளுக்குள் தீபாவளி. ஏனென்றால் அந்த நாலாவது துண்டு சரியாக என் மில் வாசலில் வந்தது. கடவுள் இருக்கிறார், கிரிக்கெட்டும் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் விடவில்லை. எஸ்டிமேட்டில் எவ்வளவு ஆழம் போட்டிருக்கிறதோ அவ்வளவு தோண்டியே ஆகவேண்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். கம்பி, சிமென்ட் எல்லாம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்தது. தெருக்கோடியில் இருக்கிற வாய்க்காலிலிருந்து மட்டம் எடுத்து என் வீட்டுக்காரர் கட்டினார். அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று, மச்சான் கட்டினார். தோண்டுவது உடம்புக்கு ஆகாது என்று யாரோ வைத்தியர் சொல்லியிருக்க வேண்டும். மண்ணை லேசாகச் சுரண்டிவிட்டு மேலாலேயே காங்கிரீட் போட்டுக்கொண்டு போனார். முடிந்து பார்த்தால் ஆறு துண்டும் தெருவைவிட உயரமாக வரப்பு மாதிரி நின்றன. எங்களுடையது மட்டும் சாக்கடை மாதிரி இருந்தது.

அந்த வருஷத்து தீபாவளி மழை சொன்னபடி வந்தது. மேல்பக்கத்து மூன்று துண்டும் வாங்கின தண்ணீரையெல்லாம் கொண்டுவந்து எங்கள் துண்டில் கொட்டின. எங்கள் துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக வேண்டுமென்றால் தண்ணீர் ஏணி வைத்து ஏற வேண்டும். அது ஏறவில்லை. திரும்பிப் பார்த்தது, என் மில் வாசல் தெரிந்தது. ஊற வைத்த அரிசிப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுடையது. அவை மிதந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. மோட்டாரிலிருந்து ஒரு கருகல் வாடை வந்தது, அவ்வளவுதான். நான் சட்டென்று அழுகிற ரகமில்லை. அன்றைக்கு அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதேன்.

தேங்கின தண்ணீரை இறைக்கப் பேரூராட்சி உடனே வந்தது. அவசரம் அல்லவா, டெண்டரும் இல்லை, கொட்டேஷனும் இல்லை, வாடகைக்கு ஒரு பம்பு செட். பம்பு செட் யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? கட்டினதற்கு ஒரு பில், கட்டினது தேங்கினதற்கு ஒரு பில். மச்சான் மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு நின்ற அழகை இன்னும் மறக்க முடியவில்லை.

நான் செயல் அலுவலரிடம் போனேன். நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன், அவரும் குனிந்து பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் அதற்கும் ஒரு படி மேலே போனார்.

"ஏழுல ஆறு ஒரே மட்டத்துல இருக்குதும்மா. உங்க வீட்டுக்காரர் கட்டுனது ஒண்ணுதான் பள்ளமா இருக்குது. அப்ப தப்பு எதுல இருக்கும், நீங்களே சொல்லுங்க."

அவர் கணக்கில் பிழையே இல்லை, தண்ணீர்தான் ஓட்டுப் போட வரவில்லை. ஒரு வாரம் கழித்து, குறைபாடுள்ள பகுதியைச் சொந்தச் செலவில் மற்ற பகுதிகளின் மட்டத்துக்கு உயர்த்தித் தர வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. ஊரோடு ஒத்து வாழ வேண்டும் என்றுதான் என் வீட்டுக்காரருக்கு எப்போதும் எண்ணம். வாழ்ந்தார். ஒழுங்காகக் கட்டின சாக்கடைக்குள் மண்ணைப் போட்டு நிரப்பி, மேலே காங்கிரீட் போட்டு, மற்ற ஆறோடும் சமமாக்கினார். அவர் கரணை வைத்துத் தேய்ப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. மில்லுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த மழையில் பேரூராட்சியின் நீதி முழுசாக நிலைநாட்டப்பட்டது. இப்போது தண்ணீர் தங்குவதற்குச் சாக்கடையில் இடமே இல்லை. தெரு முழுக்க நின்றது. என் மில் வாசலில் நான் மணல் மூட்டை அடுக்கியிருந்தேன். தண்ணீர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எதிர்ச்சாரிக்குத் திரும்பியது. எதிர்ச்சாரியில் கவுன்சிலர் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்தார். ஹாலில் வழவழவென்று டைல்ஸ். அதன்மேல் எங்கள் தெருவின் ஏழு துண்டுச் சாக்கடையும் ஒற்றுமையாக நின்றது.

அன்றைக்குத்தான் அது அவசரம் ஆயிற்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கவுன்சிலர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஏழு துண்டையும் உடைத்துவிட்டு ஒரே வேலையாக நீங்களே கட்டித் தர வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அவசர வேலை, டெண்டர் வேண்டாம், கொட்டேஷன் வேண்டாம், மன்றத்தில் விலக்குத் தீர்மானம் போட்டுக்கொள்ளலாம் என்றார். "மச்சான் என்னண்ணா ஆனாரு?" என்று நான் கேட்டேன். கவுன்சிலர் வேட்டியை இன்னும் ஒரு மடிப்பு உயர்த்திக் கட்டினார். மச்சான் கட்டினால் எப்படி இருக்கும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

உடைக்கச் சுலபமாக இருந்தது. மச்சானின் காங்கிரீட்டில் சிமென்ட் விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போயிருந்தது. உடைந்த கட்டிகளில் பெரிதாகப் பார்த்து நான் மில்லுக்குள் கொண்டுவரச் சொல்லி, அடுக்கிப் பூசி ஒரு மேடை போட்டு, காயில் மாற்றின மோட்டாரை அதன்மேல் ஏற்றிவிட்டேன். என் வீட்டுக்காரர் மறுபடியும் வாய்க்காலிலிருந்து மட்டம் எடுத்து, தெரு முழுக்க ஒரே ஓட்டமாகக் கட்டி முடித்தார். 'தானே' என்று பேர் வைத்த புயல் அடித்தபோது மில்லின் கூரைத் தகரம் பறந்து எங்கேயோ போயிற்று. கொட்டின தண்ணீர் முழுக்கத் தெருவில் நிற்காமல் வாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. தரை நனைந்தது, மோட்டார் பிழைத்தது.

பில் மட்டும் பிழைக்கவில்லை. அடுத்த வருஷம் ஆடிட் வந்தது. மச்சானின் ஆறு துண்டுக்கும் மூன்று மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், தீர்மானம், எல்லாம் பிசகில்லாமல் இருந்ததால் கேள்வியே இல்லை. பம்பு செட் வாடகைக்கும் இல்லை, அது இயற்கையின் சீற்றம். இத்தனை வருஷத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஓடின ஒரே வேலைக்குத்தான் தடை போட்டார்கள்: இவ்வளவு பெரிய வேலைக்கு ஏன் டெண்டர் விடவில்லை? பதில் சொல்ல வேண்டிய கவுன்சிலர் அதற்குள் தேர்தலில் தோற்றிருந்தார்.

ஆடிட்டிலிருந்து ஒருவர் இடத்தைப் பார்க்கவே வந்தார். படிப்பு வாசனை போகாத முகம், கையில் ஃபைல். அன்றைக்கு நல்ல மழை. மில் வாசலில் என்னோடு ஒதுங்கி நின்று, சாக்கடையில் தண்ணீர் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்ததைப் பாராட்டவும் செய்தார்.

"வேலை நல்லாத்தாங்க இருக்கு. ஆனா டெண்டரும் இல்ல, கொட்டேஷனும் இல்லியே. நான் என்ன பண்ண முடியும்?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே வாங்க தம்பி என்று கூட்டிக்கொண்டு போய், ஓடிக்கொண்டிருந்த மோட்டாருக்குக் கீழே இருந்த மேடையைக் காட்டினேன்.

"கொட்டேஷன் வச்சுக் கட்டுனதெல்லாம் இதோ இருக்குது. மூணு மூணா சரியா இருக்கும், எண்ணிப் பாத்துக்குங்க."