ஏழு இலக்கச் சக்களத்தி

எண் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அத்தானின் வலது கட்டைவிரல் சும்மா இருக்காது. சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டே போகும். உதடு மட்டும் அசையும். கடைசியில் "மிச்சம் நாலு" என்று முணுமுணுப்பார். அச்சகத்தில் அவருக்குப் பெயரே மிச்சம்தான்.

அங்கே பேப்பர் கட்டிங் மெஷினில் நின்றார். தாள்கட்டைத் தட்டி, விளிம்பு சேர்த்து உள்ளே தள்ளி, மிதியை அழுத்தினால் பிளேடு இறங்கும். பழைய மெஷின், உள்ளே கை இருக்கிறதா என்று அது பார்க்காது. அதன் நெற்றித் தகட்டில் 8014003 என்று ஓர் எண். அது எதனாலாவது மீதியில்லாமல் வகுபடுமா? அதுதான் அத்தானைப் பிடித்த பேய். மூன்றால் போகாது, இலக்கங்களைக் கூட்டினாலே தெரியும். ஏழுக்கு மிச்சம் நாலு. பதினொன்றுக்கு எட்டு. பதின்மூன்றுக்குப் பத்து. இப்படி ஒவ்வொரு பகா எண்ணாக, மனக்கணக்கிலேயே, மாதக்கணக்கில். சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்துவிடுவார். வாசல்வரை போய், எதற்கு வந்தோம் என்று நிற்பார். போனில் போட்டுப் பார்க்கலாமே என்றால் கோபம் வரும். அப்புறம் போன் கண்டுபிடித்ததாகத்தானே ஆகும்?

"எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா, ஏழு இலக்கத்துக்காரி" என்று அக்கா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். நான் அவர்களோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் அத்தான் இடது கையில் கட்டோடு வந்தார். தாள் வழுக்கிவிட்டது, நகம்தான் போனது என்றார். வலது கட்டைவிரல் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சிரிக்கவில்லை.

சமையலறைக்கு என்னை இழுத்துப்போய், போனில் பார்க்கச் சொன்னாள். கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது: இரண்டாயிரத்து மூன்று பெருக்கல் நாலாயிரத்து ஒன்று.

"இதச் சொன்னா விட்டுடுவாரா?"

"அந்த நாலாயிரத்து ஒண்ணு உடையுமான்னு ஆரம்பிப்பாரு."

அவள் நேரே போய் அவர் முன்னால் நின்றாள். "என்னங்க, தம்பி பாத்துட்டான். அது பகா எண்ணாம். எதாலயும் போகாதாம். இத்தோட விட்டுடுங்க. எனக்கு உங்க பத்து விரலும் வேணும்."

"அப்படியா மாப்ள?" என்று அத்தான் என்னைப் பார்த்தார். நான் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று அக்காவே சொன்னாள்.

"சரிதான். இத்தன நாளா கல்லுல நார் உரிச்சிருக்கேன்" என்று தட்டை இழுத்துக்கொண்டார். கட்டைவிரல் நின்றது.

அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளாதவள் அக்காதான். என் போனை அத்தான் கையில் எடுத்தால் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். சொன்ன பொய் உடைந்தால் விரல்களும் போய்விடும் என்று அவளுக்குப் பயம். அத்தான் வேலையை விட்டு நிற்கும்வரை அந்தப் பயம் போகவில்லை.

அதற்கும் பிறகு ஒருநாள் அச்சகத்து பைண்டரம்மாவைப் பஸ்ஸில் பார்த்தேன். பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த நம்பரா? அது நகம் போன அன்னிக்கே உடைஞ்சிடுச்சே தம்பி. ரத்தம் சொட்டச் சொட்ட நிக்கிறாரு, 'ரெண்டாயிரத்து மூணு, மிச்சமே இல்ல'ன்னு ஒரே சிரிப்பு."