வாப்பாவின் சிவப்புக் கல்

கூட்டும்போது, வீடு கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கல் ஒன்று காலில் குத்தியது. சவூதியிலிருந்து லீவில் வந்தபோது வாப்பா கொண்டுவந்த பழைய சிவப்புக் கல்.

எங்கள் கல்முனையில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். அதற்காகவே வாப்பா அங்கே கிடந்தார்.

அந்த லீவில், சிறுமியாகப் பாயில் நான் அடுக்கிய வீட்டை அவர் குனிந்து பார்த்தார்.

"வாப்பாட அறை எங்க மகள்?"

"நீங்க சவூதியிலதானே வாப்பா."

"ஓம் மகள்" என்றவர், கையிலிருந்த சிவப்புக் கல்லை அந்த வீட்டு வாசலோரம் வைத்தார்.

நான் கூட்டிக்கொண்டிருக்கும் இந்த வீட்டுக்குக் கூரை போடுமுன்பே வாப்பா சவூதியிலேயே கண்மூடி மௌத்தாகிவிட்டார்.

அவருடைய கல் என் மகளின் புதுக் கற்களோடும் டக்கென்று பொருந்துகிறது. அவளுடைய வாப்பா இப்போது கட்டாரில், அவளுக்கு வீடு கட்ட உழைக்கிறார். அவள் அடுக்கும் வீட்டில் யாருக்கு எந்த அறை என்று நான் கேட்பதில்லை.