பெயர் எழுத ஒரே ஒரு கட்டம்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த கேபிள் டிவி அலுவலகத்துக்குக் கீழே வற்றல் மிளகாய்க் கிடங்கு. மூட்டை இறக்குகிற நாட்களில் மாடியில் எங்கள் மூவருக்கும் தும்மல் நிற்காது. முதலாளி கட்டளை போடுவார். நான் சேட்டன் என்று கூப்பிடுகிற மூத்தவர் கேபிள் இழுப்பதிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாம் பார்ப்பார். போனை எடுத்து, கேட்கிறவர்களுக்குக் கேட்ட பாட்டைப் போடுவது நான். ஒருவர் மலையாளம் கேட்பார், அடுத்தவர் இந்தி. எங்கள் காலனி அக்காமார் தமிழ்.

சி.டி. இருந்த காலத்தில் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஒவ்வொரு உறையிலும் சீட்டு ஒட்டி, பாட்டின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்திருந்தேன். யார் தேடினாலும் கைக்கு வரும். பிறகு முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பாட்டை எல்லாம் அதில் ஏற்றி, சி.டி.களை எடுத்து வந்த வாடகைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. அன்றைக்குப் பிடித்தது சனி.

பாட்டுகளை அடுக்கி வைக்க அதில் ஒரு சாப்ட்வேர் இருந்தது. பெயர் எழுத ஒரே ஒரு கட்டம். என்ன மொழி என்று சொல்ல இடமே கிடையாது. தமிழில் அடித்தால் வரிசையாகக் காலிப் பெட்டிகள் வரும். மலையாளத்தில் அடித்தாலும் பெட்டிகள்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு மொழிக்கும் சம மரியாதை. அதைச் செய்தவர்கள் வீட்டில் எல்லாரும் ஒரே மொழியில்தான் பாடுவார்களோ என்னவோ!

சரி, ஆங்கில எழுத்திலேயே அடிப்போம் என்று இறங்கினேன். அங்கேயும் வினை. அந்தக் கட்டத்தில் என்ன அடிக்கிறோமோ அது அப்படியே டிவியில் பாட்டுக்கு அடியில் வரும். தேடுவதற்கு வசதியாக ஒரு பாட்டுக்கு ‘தமிழ், பழசு, நடுவில் கோடு விழும்’ என்று நான் அடித்து வைக்க, அது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சுள்ளிக்கலில் இருந்து ஓர் அம்மா போன் செய்து, “கோடு விழும்னு அறிஞ்சிட்டு எதுக்கு மோளே போடறே?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பெயருக்கு முன்னால் சேர்த்தேன். டிவியில் பார்க்க நன்றாக இல்லை என்று சேட்டன் அதையும் அழித்தார். நான் சேர்ப்பேன், அவர் அழிப்பார். ஒரு மழைக்காலம் முழுக்க இதே கூத்து. “பாட்டு கேக்கும்போ மொழி அறியாம போகுமோ மோளே?” என்பார். கேட்டால் தெரியும்தான். தேடுகிறவள் எப்படிக் கேட்பது? அந்தக் கம்ப்யூட்டரில் சத்தத்தைத் திறந்தால் அது நேராகச் சேனலில் போய்விடும். படத்தை மட்டும்தான் ஓட்டிப் பார்க்க முடியும்.

அந்த வருடம் அப்பாவுக்குச் சபரிமலைக்குப் பதினெட்டாவது மாலை. பதினெட்டாம் வருடம் போகிறவர் தென்னங்கன்று சுமந்து போவது வழக்கம். மாநகராட்சியில் ஊரின் குப்பையை அள்ளி ஓய்வு பெற்ற மனிதர். தனக்கென்று எங்கள் சேனலில் ஒன்றுமே கேட்டதில்லை. முதல் முறையாகக் கேட்டார், தமிழில் ஓர் ஐயப்பன் பாட்டு. கெட்டுநிறை அன்று காலை, இருமுடியில் அரிசி நிறைக்கும்போது, வீட்டு டிவியில் அது வர வேண்டும். கீழே வாழ்த்து ஓட வேண்டும். காலனியே பார்க்கும்.

கெட்டுநிறையில் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரும் இருமுடியில் கைப்பிடி அரிசி போடுவார்கள். நானும் போட வேண்டும். ஆனால் பாட்டுக்குப் பெயர் ஒன்று கிடக்க வேறொன்று ஓடுகிற அலுவலகத்தை நம்பி வீட்டில் உட்கார முடியுமா? முந்தின நாளே பெயரைப் பார்த்தேன், இருந்தது. படத்தை ஓட்டினேன். அதே காடு, அதே யானை, அதே படிகள். காலையில் அரிசியை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

நேரம் வந்ததும் பாட்டைப் போட்டேன். வாழ்த்து ஓடியது. பாடியது மலையாளம்.

“சேட்டா, தமிழ் எங்கே?”

“எந்து தமிழ்? ஒரே படம் நாலஞ்சு கெடந்தது. டிஸ்க்ல எடமில்லைன்னு முதலாளி பறஞ்சார். ஒண்ணு வச்சிட்டு பாக்கி களஞ்சேன்.”

ஒரே காட்டையும் யானையையும் எடுத்து, ஒவ்வொரு மொழிப் பாட்டையும் அதன் மேல் ஒட்டி விற்கிறார்கள். பெயரும் ஒன்று, படமும் ஒன்று. மனிதர் சத்தமில்லாமல் பார்த்து, எல்லாம் ஒன்றே என்று முடிவு கட்டிவிட்டார். நான் சேர்த்த அந்த ஒரு சொல்லை விட்டுவைத்திருந்தால் தப்பியிருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் விசைப்பலகையைத் தூக்கிக் கீழே மிளகாய் மூட்டை மேல் எறிந்திருப்பேன். அதற்குள் போன் அடித்தது. அப்பா.

“நம்ம பாட்டு வரல்ல சாமி, சேட்டன் அழிச்சிட்டார்,” என்றேன். மாலை போட்டால் அப்பாவும் சாமிதான். அழுகையை அடக்க முடியவில்லை.

“அது கெடக்கட்டும். சத்தத்தைக் கொறச்சாச்சு. நாங்களே பாடறோம். நீ வா. உன் அரிசி இன்னும் போடல்ல, நான் இருமுடியைக் கட்டாம வச்சிருக்கேன்.”

“இங்கே யார் பார்ப்பது?”

“ஒரு பாட்டைத் தொலைச்ச ஆளு அங்கே இல்லியா? அவர் பார்க்கட்டும்.”

நான் எழுந்ததும் சேட்டன் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நான் ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் டிவி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கறுப்பு வேட்டிச் சாமிமார் எல்லாரும் தமிழில், ஆளுக்கொரு சுருதியில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் தென்னங்கன்று. அப்பா இருமுடியின் வாயைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து அரிசியை அள்ளினேன். போடும்போதும் எனக்குக் கோபம் தீரவில்லை.

“மெல்ல போடு, சிந்துது,” என்றார் அப்பா.