மூலையைக் கடிப்பவர்

கூட்டத்தில் மற்றவர்கள் புதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் அதன் மூலையைக் கடித்துக்கொண்டிருக்கிறார். இடது கடைவாயில் வைத்து, அவசரமில்லாமல், ஏதாவது உரிந்து வருகிறதா என்று. புதிதாய்ச் சேர்ந்த கணக்கதிகாரி கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தண்ணீர்க் குவளையைப் பார்க்கிறார்.

"ரெண்டு வயசுப் பிள்ள புஸ்தகத்த வாயாலதான் படிக்கும். நாம படிச்சுப் பாக்க வேணாமா?"

காமிக்ஸும் சிறுவர் நூல்களும் வெளியிடும் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு இவருடையது. ஆனால் குழந்தைகளோடு சேர்ந்தாற்போல் அரைமணி இருந்தால் தலைவலி வந்துவிடும். அலுவலகத்துக்குப் பிள்ளையோடு வரும் ஊழியரிடம், "அழகா இருக்கு. எப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்பார்.

வேலையில் சேர்ந்தது, காமிக்ஸ் இதழின் முகமூடி நாயகனுக்கு வரும் கடிதங்களுக்கு அவன் பெயரில் பதில் எழுத. "நானும் மாடியிலிருந்து குதிக்கலாமா?" என்று கேட்ட சிறுவனுக்கு, "நான் ஒருநாளும் குதித்ததில்லை; குதிப்பதுபோல் வரைகிறார்கள்" என்று எழுதிப் போட்டார். நாயகனின் மானம் போயிற்று என்று முதலாளி குதித்தார். கோபம் தணிந்ததும் இவரை உதவி ஆசிரியராக்கினார். பிறகு இவர் மேலே ஏறியதும் அந்தக் குணத்தால்தான்; ஏற இத்தனை காலம் ஆனதும் அதனால்தான்.

போன வாரம் மழலையருக்கான கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று அச்சாகி வந்தது. அச்சிட்டது சொந்தத் தம்பி. புது இயந்திரம் போட்டபின் கிடைத்த முதல் பெரிய வேலை. இது திரும்பி வந்தால் அச்சகத்தை மூட வேண்டியதுதான், இருவருக்கும் தெரியும். தம்பியே கட்டைச் சுமந்துவந்து, பிரித்து, ஒரு பிரதியை நீட்டினார்.

இவர் கடித்தார். பளபளப்புத் தாளில் ஒரு கீற்று நாக்கோடு வந்தது. சின்னத் தொண்டையை அடைக்க அது போதும்.

"ஒரு காப்பிதானேக்கா."

"இன்னொண்ணு குடு."

அதிலும் வந்தது. அதற்கடுத்ததிலும்.

"எந்தப் பிள்ளைக்குக்கா இவ்ளோ பலம்? உனக்கு எருமப் பல்லு."

"நம்ம வீட்ல ஒண்ணு இருந்துச்சே. சட்டப் பித்தான முழுங்கிட்டு முழி பிதுங்கி நின்னுச்சு. அம்மா தலகீழாப் பிடிச்சு முதுகுல நாலு போட்டாங்க."

"அது நாந்தான்க்கா."

"எனக்குத் தெரியாதா?"

தம்பி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எங்க ஆளுங்க பதினாறு பேரு. அவங்ககிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?"

"நானும் வர்றேன். எல்லாக் கட்டையும் எடுத்துக்கோடா."

பிரதியைத் திரும்ப வாங்க நீண்ட கை நீண்டபடியே இருந்தது. அவர் அந்தக் கீற்றைத் துடைத்து, தம்பியின் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். மூடிய கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார், விடவில்லை.