நூற்றைம்பது ரூபாய் மிச்சம்

இந்த வருடம் ஆவணி பன்னிரண்டாம் திகதி, காலை ஒன்பது நாற்பது. வானத்தில் ஒரு முகில் இல்லை. சோளகக் காற்று வவுனியாக் கடைத்தெருப் புழுதியையெல்லாம் என் மூக்குக்கண்ணாடிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. நெளுக்குளத்தில் இருக்கும் மகள் சுகந்தி, பேத்தியின் சைக்கிளுக்கு ஒரு ரயர் வாங்கிவர அனுப்பியிருந்தாள்.

"நாலு கடை ஏறி இறங்காதேங்கோ அப்பா. கண்டதை வாங்கிக்கொண்டு வாங்கோ."

நான் ஏறியது மூன்று கடைதான். மூன்றாவதில் முப்பத்தாறு ரயர்கள் தொங்கின, எண்ணினேன். புது ரப்பர் மணம் மூக்கில் ஏறியதும் அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். கடையில் நின்ற பிள்ளை பயந்துபோய் சோடா உடைக்கப் போனாள்.

தொண்ணூற்றேழில் மல்லாவிச் சந்தியில் இந்த மணம் ஒரேயொரு கடையில்தான் இருந்தது. சண்டையில் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து அங்கே ஒரு ஓலைக் கொட்டிலில் இருந்தோம். கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கும் விலைப்பலகையும் எழுதியவன் நான். ஆகவே எது எப்போது மலியும் என்று எனக்குத் தெரியுமென ஊர் நம்பியது. ஊரைவிட நான் அதிகம் நம்பினேன். பொருள்களுக்குத் தடை இருந்த காலம்; வவுனியாவிலிருந்து லொறி வந்து மூன்று கிழமை கழிந்தால் விலை உச்சத்தில் நிற்கும். அடுத்த லொறி வந்த அன்றே விழும். உச்சத்தில் வாங்குகிறவன் மடையன். அதுவரை குளிக்கும் சவர்க்காரக் கட்டியை நூலால் நாலாக அறுத்து இழுக்க வேண்டும். ஜாம் போத்தல் விளக்கின் திரி எவ்வளவு நீண்டால் எண்ணெய் எத்தனை இரவு வரும் என்றுகூட ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், இரண்டு வீட்டுக்காரர் அதைப் பார்த்து எழுதிப் போனார்கள்.

சுகந்திக்குத் திங்கட்கிழமை, பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரச் சோதனை. முதற் பாடம் இரசாயனம். மண்டபம் பதினொரு மைல். அவளுடைய பின் ரயரோ நூல் தெரியத் தேய்ந்திருந்தது. வியாழக்கிழமை அந்த ரயர்க் கடைக்குப் போனேன்.

"ஐஞ்சூற்றி நாப்பது, அண்ணை."

"லொறி வரட்டும், பாப்பம்."

"இது ஒண்டுதான் கிடக்கு. பிறகு என்னோடை கோவிக்கக் கூடாது."

எந்தக் கடைக்காரர்தான் இப்படிச் சொல்லாதவர்? வந்துவிட்டேன். வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "இஞ்சருங்கோ, பிள்ளையின்ரை சோதினைக்கும் லொறி பாக்கிறியளே?"

"சனிக்கிழமை வந்திடும். நானூறுக்குக் கீழை விழும், பார்."

"அப்பா சொன்னா லொறியும் கேக்கத்தானே வேணும்" என்றாள் சுகந்தி, புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே.

சனிக்கிழமை லொறி வரவில்லை. ஞாயிறு விடிய ஐந்நூற்று நாற்பதையும் மடித்துக்கொண்டு ஓடினேன். ரயர் தொங்கிய கொக்கி வெறுமையாக இருந்தது.

"நேற்று ஒரு மீன்காரர் வாங்கிக்கொண்டு போட்டார், அண்ணை. விலையும் கேக்கேல்லை."

வேறென்ன செய்வது? அப்போது எல்லோரும் செய்ததையே செய்தேன்: பழைய ரயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து, ரியூப் வாரால் வெளியே சுற்றிக் கட்டினேன். எட்டு நாள் தாங்கும் என்று கணக்கு.

திங்கள் காலை ஐந்தாம் மைலில் வெடித்தது. பாதையில் வந்த ஒரே மனிதர் சைக்கிள் நிறைய விறகு கட்டியிருந்தார், ஆளை ஏற்ற இடமில்லை. தெருவோரம் சைக்கிளை விட்டுப்போகிற காலமா அது? மிச்ச ஆறு மைலும் அதை உருட்டிக்கொண்டே நடந்திருக்கிறாள். எட்டரைக்குத் தொடங்கும் சோதனைக்கு ஒன்பது இருபதுக்குப் போய்ச் சேர்ந்தாளாம். அரை மணிக்கு மேல் பிந்தினால் உள்ளே விட மாட்டார்கள்.

மத்தியானம் திரும்பி வந்து, "கதவு சாத்திப்போட்டினம் அப்பா" என்றாள். பிறகு குசினிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினாள். என்னை ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்; வைத்திருந்த பதில்கள் மூன்று. அந்தத் துருவற் சத்தம் நிற்கும்வரை வெடித்த ரயரைத் தடவிக்கொண்டு முற்றத்தில் நின்றேன்.

அடுத்த வருடம் எழுதலாம் என்றோம். அடுத்த வருடம் இரண்டு தரம் இடம்பெயர்ந்தோம். அதற்கடுத்த வருடம் அவள் தையல் மெசினில் இருந்தாள், இன்றும் இருக்கிறாள்.

சோடாவைக் குடித்துவிட்டு, கடைப்பிள்ளை விலை சொல்ல முன்னமே காசை நீட்டினேன். அந்தக் கொட்டிலும் இல்லை, கொப்பியும் இல்லை. லொறி பார்த்து விலை விழுகிற காலமும் போய்விட்டது. எதையும் எப்போது வாங்கலாம் என்று இப்போது என்னை ஒருவரும் கேட்பதில்லை.

ஆனால் என் விலைக் கணக்குப் பிழையாகவில்லை. லொறி அந்தப் புதன்கிழமை வந்தது. மிச்சப் பாடங்களுக்குப் போகவென்று அன்று பின்னேரமே அதே மாதிரி ஒரு ரயரை வாங்கினேன்: முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.