கைதட்டலில் போன ஊருணி

எங்கள் ஊர் கிராம சபையில் எதிர்ப்பு என்று ஒன்று பதிவானதே கிடையாது. அவ்வளவு ஒற்றுமையான ஊர் நாங்கள். வேலித் தகராறில் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொள்வோம். தீர்மானப் புத்தகத்தில் மட்டும் எல்லாம் ஒருமனதாக இருக்கும்.

நான் ஊருணிக் கரையில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். ஊருணி நிறைந்தால் என் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் ஊறும். கிணறு ஊறினால் கடை ஓடும். எனக்குத் தெரிந்த சுற்றுச்சூழல் இவ்வளவுதான்.

போன சுதந்திர தினத்தன்று சபைக்குப் போனேன். ஊராட்சிச் செயலர் தீர்மானங்களைக் கடகடவென்று வாசித்தார். மைக் கரகரத்ததில் 'அழகுபடுத்துதல்' என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. வாசித்து முடித்த கையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பேச விட்டார்கள். என் மகள் மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பொழிந்து தள்ளினாள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? நான்தான் முதலில் கைதட்டினேன். கூட்டமே தட்டியது. பிறகு காராசேவும் டீயும் வந்தன. ஜனநாயகம் இனிதே முடிந்தது.

ஒரே மாதத்தில் ஊருணியைச் சுற்றி நடைபாதை வந்துவிட்டது. சிவப்புக் கல், கம்பி வேலி, குப்பை போடப் பல்லிளிக்கும் சிமெண்டு முயல். மழைத்தண்ணீர் உள்ளே வரும் வரத்துக்கால் அந்தக் கல்லுக்கு அடியில் சமாதியானது. ஐப்பசியில் அடித்துப் பெய்த தண்ணீரெல்லாம் ரோட்டோடு போனது. ஊருணியில் வெறும் சேறு. என் கிணற்றில் வாளியை விட்டால் தரையில்தான் மோதியது. கடையை ஓட்டக் குடம் குடமாகத் தண்ணீரை விலைக்கு வாங்கினேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத் தீர்மான நகலை வாங்கினேன். 'பொதுமக்கள் பலத்த கரவொலியுடன் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்' என்று இருந்தது. அடப்பாவிகளா! என் பிள்ளைக்குத் தட்டிய தட்டு அது.

செயலரிடம் போய் நகலை நீட்டினேன்.

"நீங்களுந்தானக்கா தட்டுனீக?" என்றார்.

"எம்மகளுக்குத் தட்டுனேன்."

"யாருக்குன்னு எழுத அதுல எடம் இல்லையே."

சிரிக்கக்கூட இல்லை அந்த மனுஷன்.

குடியரசு தினச் சபையில் அடுத்த தீர்மானம் வந்தது: தண்ணீர் தங்காத ஊருணியை மண் போட்டு மூடிப் பூங்கா அமைப்பது. தண்ணீர் வரும் வழியை அடைத்தவர்களே தண்ணீர் இல்லை என்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள். காலையில் அந்த நடைபாதையில் தொப்பை குறைய நடந்துவிட்டு என் கடையில் எட்டு இட்லி தின்கிறவர்கள் எல்லாம் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"கல்லப் பேத்து வரத்துக்கால விடுங்க, தண்ணி தானா வரும். ஊருணிய மூடுனீகன்னா நாளைக்கு ஒங்க வீட்டுக் கெணறும் என் கெணறு மாதிரிதான். பூங்காவுல ஒக்காந்து பூவையா குடிப்பீக?"

பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அடுத்து பெண்கள் தட்டினார்கள். அப்புறம் கூட்டமே எழுந்து நின்று தட்டியது. கண் கலங்கிவிட்டது எனக்கு. துடைத்துக்கொண்டு பார்த்தால், செயலர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கையத் தட்டாதீக!" என்று கத்தினேன். "யாரும் கையத் தட்டாதீக!"

அதற்கும் தட்டினார்கள்.